ஆட்சேபணை அண்ணாச்சியும் மூன்றாம் ஓலையும்

கடவுளே இறங்கி வந்து சங்கரன்கோவிலில் வார்டு தேர்தலுக்கு நின்றிருந்தாலும், ஆட்சேபணை அண்ணாச்சி எழுந்து, சட்டைப்பையில் பேனாவைச் சரிசெய்துகொண்டு, "ஒரு விஷயம் கேக்கணும்" என்றிருப்பார். கேட்டுவிட்டு ஓட்டை அவருக்கே போட்டிருக்கவும் கூடும். ஆனால் கேட்காமல் போட்டிருக்க மாட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணாச்சியின் தட்டச்சுப் பயிலகம் இருந்தது. எட்டு மெஷின்கள். ஐந்து இங்கிலீஷ், மூன்று தமிழ். பின்கட்டில் அவர் வீடு, மேலே ஓடு வேய்ந்த ஓர் அறை. எண்பதுகளின் நடுவில் விதைக்கடை வேலைக்காக வந்த நான் அந்த அறையில் குடியிருந்தேன். எட்டு மெஷின்களும் ஒன்றாக ஓடும்போது தகரத்தில் ஆலங்கட்டி விழுவது போலக் கேட்கும். வானம் வருஷாவருஷம் கைவிரித்த அந்தக் கரிசல் சீமையில் எனக்குக் கிடைத்த ஒரே மழை அதுதான்.

அண்ணாச்சிக்கு மனைவி இல்லை. கிரேஸ் என்று ஒரே மகள். எட்டு மெஷின்களுக்கு நடுவே வளர்ந்தவள். அம்மா இறந்த வருஷத்திலிருந்து அந்த வீட்டில் சமைப்பதும் அவள்தான், சாயங்கால வகுப்பு எடுப்பதும் அவள்தான். அண்ணாச்சி கோபமாக இருக்கிறாரா என்று அறிய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மகளைப் பார்த்தால் போதும். வந்தவர்களைச் சமாதானப்படுத்த அவள் புன்னகைத்தால் அவர் கோபமாக இருக்கிறார்.

பட்டப்பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்போம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஐயர் ஓலை வாசிப்பார். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்பார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். யாரோ இருமுவார்கள். மின்விசிறி கிறீச்சிடும். அதோடு சரி. அந்த மௌனத்தில் யாரும் வாய் திறந்ததாக எங்கள் சபைச் சரித்திரத்தில் இல்லை. திறக்கலாம் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு ஞாயிறு அண்ணாச்சி எழுந்தார்.

"ஆட்சேபணை இருக்குங்கய்யா."

ஐயர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் தேடியதை நாலாவது வரிசையிலிருந்து நானே பார்த்தேன். மணப்பெண்ணின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு பெண்டாட்டியா, பிள்ளையா, கொலையா என்று நூறு பேர் மனசும் நூறு பக்கம் ஓடியது. அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார். மாப்பிள்ளை தன்னிடம்தான் டைப் படித்தான். ஹையர் பாஸ் என்று பெண் வீட்டில் சொல்லியிருக்கிறான். லோயரிலேயே இரண்டு தரம் பெயில். கல்யாணம் நடக்கட்டும், ஆனால் பொய்யிலிருந்து தொடங்க வேண்டாம்.

பெண்கள் பக்கத்திலிருந்து மணப்பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். "நான் லோயர்ல மூணு தடவைய்யா" என்றாள். கல்யாணம் ஜோராக நடந்தது. அண்ணாச்சியின் பெயரை மட்டும் அன்றைக்கே எல்லாரும் மறந்துபோனார்கள்.

தேர்தல் வந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும். ஓட்டுக் கேட்பதும் பெண் கேட்பதும் ஒன்று என்பது அவர் வாதம். அஞ்சு வருஷம் கூடக் குடித்தனம் நடத்த வேண்டியவன், அவனுக்கு ஓலை வாசிக்க வேண்டாமா? ஒரு முறை ஒரு சுயேச்சை வேட்பாளர் எங்கள் சபைக்கு வந்தார். மேடையில் கடவுள் இல்லை என்று மைக் பிடித்து முழங்குகிறவர். அன்று திருவிருந்து ஆராதனை. எல்லாரும் போகிறார்களே என்று அவரும் வரிசையில் போய் முழங்கால் போட்டார். ஐயர் கையில் வைத்த, அங்கேயே உண்ண வேண்டிய அப்பத்தைக் கண்ணில் ஒற்றி, கர்ச்சீப்பில் முடிந்து, ஜிப்பாப் பைக்குள் வைத்தார்.   கோயிலுக்குள் ஜீப் ஏறி வந்தது போல இருந்தது.

ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி அவரை வேப்பமரத்தடியில் மறித்துவிட்டார். மேடையில் இல்லை என்கிறீர்கள், இங்கே வந்து வாங்குகிறீர்கள், எது நிஜம் என்று கேட்டார். அந்த மனுஷன் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், மேடையில் பேசுவது கட்சி, இது வீட்டம்மாவுக்கு, அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார். அண்ணாச்சி விலகி வழிவிட்டார். வீடு திரும்பி நான் மாடிப்படி ஏறும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "கடவுள் இல்லைங்கான். ஆனா பொண்டாட்டிக்குக் கொண்டுட்டுப் போறான். பாதி தேறிட்டான் தம்பி."

இவ்வளவும் சில்லறை. அந்த வார்டு தேர்தல்தான் பெரிய நோட்டு.

எங்கள் வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் சபையின் செக்ரட்டரி. கஞ்சி போட்ட வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு, ஜெபம் ஆரம்பித்தால் ஊரின் எல்லா நோயாளிகளையும் பெயர் சொல்லிக் குணமாக்குகிற குரல். மற்றவர் மாவுமில்காரர். கோமதி அம்மன் பக்தர். மில்லில் நின்றால் அவர் நெற்றியில் எது திருநீறு, எது மாவு என்று பிரிக்க முடியாது. ஓட்டு யாருக்கு என்று சபையில் யாரும் யோசிக்கவே இல்லை. செக்ரட்டரி நம்ம ஆள். பேச்சு முடிந்தது.

இங்கேதான் சிக்கல். செக்ரட்டரியின் மகன் அருளுக்குத்தான் கிரேஸை நிச்சயம் செய்திருந்தது. கல்யாண ஓலை வாசிக்கிற அதே மூன்று ஞாயிறும் தேர்தல் மும்முரத்தில் வந்து விழுந்தன.

முதல் ஞாயிறு. ஐயர் கிரேஸ் ஓலையை வாசித்தார். மௌனத்தில் சபை முழுக்க அண்ணாச்சி பக்கம் கழுத்தைத் திருப்பியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்ததாக ஐயர், நம் செக்ரட்டரி தேர்தலில் நிற்கிறார், சபையார் ஆதரிக்க வேண்டும் என்று அறிவித்தார். அண்ணாச்சி மெல்ல எழுந்தார்.

"இது முதல் ஓலையாங்கய்யா?"

புதிதாக வந்த, பயந்த சுபாவமுள்ள ஐயர், என்ன ஏதென்று புரியாமல் ஆமாம் என்று தலையசைத்துவிட்டார். அப்படியானால் மில்காரர் பேரையும் வாசித்துவிடுங்கள், மாப்பிள்ளை ரெண்டு பேர் வந்திருக்காங்கள்லா என்றார் அண்ணாச்சி. பின்வரிசைகள் சிரித்தன. செக்ரட்டரியும் சிரித்தார். சம்பந்தி விளையாடுகிறார் என்று நினைத்தார் பாவம்.

சம்பந்தி விளையாடவில்லை. மறுநாளே கேள்வித்தாள் ஒன்றை டைப் அடித்தார். கார்பன் வைத்து அஞ்சு பிரதி. அஞ்சாவது பிரதியில் எழுத்தே விழவில்லை. அதையும் கோப்பில் சேர்த்தார். கடைசியாகச் சொன்ன பொய் எது, வேலைக்காரர்கள் முன்னால் எந்தக் குரலில் பேசுவீர்கள் என்று போகும் கேள்விகள். கடைசிக் கேள்வி: உங்கள் சாமி பார்க்காத நேரத்தில் என்ன செய்வீர்கள்?

சைக்கிளில் போய் இரண்டு பேரிடமும் கேட்டார். மில்காரர் இதை ஏதோ சர்க்கார் படிவம் என்று நினைத்து, மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு பயபக்தியோடு பதில் சொல்லியிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு வந்ததும் ரொம்ப நேரம் யோசித்தாராம். "சாமி பார்க்காத நேரம்னு ஒண்ணு இருக்கா அண்ணாச்சி?" என்று இவரையே திருப்பிக் கேட்டாராம்.

செக்ரட்டரி அதே கேள்விக்கு, "என்ன வே, நான் செக்ரட்டரி. என்னைய எவன் பார்க்கணும்?" என்றாராம்.

அன்று பகல் முழுக்க அண்ணாச்சி சாப்பிடவில்லை. நான் விதைக்கடையிலிருந்து திரும்பியபோது படியில் உட்கார்ந்திருந்தார். யாரோ அறைந்துவிட்டுப் போன முகம். "தம்பி, அந்தப் பதிலை நம்ம ஆளுல்லா சொல்லியிருக்கணும்" என்றார். "திருநீறு பூசினவரு சொல்லுதாரே. நாற்பது வருஷமா நாம வேதத்துல என்னத்தைத்தான் வாசிச்சோம்?"

நானும் படியில் உட்கார்ந்தேன். தெருவில் பிரசார ஜீப் ஒன்று திருவேங்கடம் ரோட்டுப் புழுதியை முழுக்க எங்கள் சந்துக்குள் கொட்டிவிட்டுப் போனது. புழுதி அடங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

அவர் மனசை அறுத்தது கிணறு. சபைக் காம்பவுண்டில் ஒரு கிணறு உண்டு. சபைக்குப் பின்புறம் நெசவாளர் தெரு. அந்த வருஷம் மழை இல்லை. தெருக்குழாய் காற்றை மட்டும் துப்பியது. நெசவாளர் வீட்டுப் பெண்கள் குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள். செக்ரட்டரி சபைச் சொத்து என்று கிணற்றைச் சுற்றிக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினார். சபையாரைத் தவிர மற்றவர்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று நோட்டீஸும் ஒட்டினார். மில்காரர்தான் தன் மோட்டாரிலிருந்து தெருவுக்கு ஒரு ஹோஸ் இழுத்துவிட்டார். அரைக்கிற நேரத்தைக் குறைத்துக்கொண்டு இறைத்தார். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் சபையில் பாடிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் ஞாயிறு அண்ணாச்சி வாய் திறக்கவில்லை. செக்ரட்டரி நிம்மதியாகத் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. பேசாத அண்ணாச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மூன்றாம் ஞாயிறு. ஐயர் கிரேஸின் மூன்றாவது ஓலையை வாசித்தார். மௌனம். யாரும் எழவில்லை. பெண்கள் பக்கத்தில் கிரேஸ் முக்காட்டைச் சரிசெய்தபடி மூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது. பிறகு ஐயர் தேர்தல் அறிவிப்புக்கு வந்தார். மூன்று நாளில் ஓட்டு.

அண்ணாச்சி எழுந்தார்.

"ஆட்சேபணை இருக்குங்கய்யா."

ஐயருக்குக் குரல் கீச்சிட்டது. "எதுக்கு? கல்யாணத்துக்கா, எலக்‌ஷனுக்கா?"

"எலக்‌ஷனுக்கு. நம்ம ஆளுங்கிறதுக்காக ஓட்டுக் கேக்கீங்க. கிணத்தடியில குடத்தோட நின்ன பொம்பளைகளும் நம்ம ஆளுகதான்னு இதே இடத்துல இருந்துதான் வாரா வாரம் கேக்கோம். பூட்டு தொங்குத வரைக்கும் என்னால கை தூக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொரு ஆட்சேபணையும் இருக்கு. அது என் மேல. அந்த நோட்டீஸை டைப் அடிச்சது நான்தான். எழுத்துப்பிழை இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்தேன். வேற பிழையைப் பார்க்கல."

அந்த நேரம் சபையில் இருமல் இல்லை. மின்விசிறி கிறீச்சிட்டதா என்றுகூட நினைவில்லை. தன் மகள் கல்யாணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒரு மனிதன் சம்பந்தியைப் பார்த்து இதைச் சொல்வான் என்று நூறு பேரில் ஒருவர்கூட எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. உட்காருங்கள், உட்காருங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்த கோழை நான்.

செக்ரட்டரி எழுந்தார். முகம் செங்கல் நிறம்.

"அப்போ எனக்கும் ஒரு ஆட்சேபணை இருக்குங்கய்யா. முன்னால வாசிச்ச ஓலைக்கு."

"தடை என்னன்னு சொல்லணும் செக்ரட்டரி" என்றார் ஐயர்.

"சம்பந்தி சரியில்ல."

ஐயர் மெய்யாகவே ஜெபப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பக்கம் பக்கமாகத் தேடினார். கடைசியில் பரிதாபமாக நிமிர்ந்து, "அது இதுல இல்லியே" என்றார். வேறொரு நாளாக இருந்தால் சபை சிரித்திருக்கும். செக்ரட்டரி, கல்யாணம் நின்றது என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அருள் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து அப்பா பின்னால் போனான். பெஞ்சில் கிரேஸைச் சுற்றி இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். தீப்பற்றிய வீட்டுக்குப் பக்கத்திலிருந்து நகர்வது போல.

திங்கட்கிழமை பயிலகத்துக்கு ஒருவரும் வரவில்லை. எட்டு மெஷினும் உறைக்குள் கிடந்தன. எனக்குக் கிடைத்த மழையும் நின்றது. மத்தியானம் நெசவாளர் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் குடத்துக்காக உங்கள் பிள்ளை வாழ்க்கை போக வேண்டாம், நாங்கள் மில்லிலேயே பிடித்துக்கொள்கிறோம், நீங்கள் போய்ச் சம்பந்தியிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள். அண்ணாச்சி அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதைத் தவிர ஒன்றும் செய்யத் தெரியவில்லை அவருக்கு.

அவள் போன பிறகு கிரேஸ் உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. புன்னகைக்கவும் இல்லை. ஒரு மெஷினின் உறையை எடுத்து மடித்தபடி கேட்டாள்.

"நீங்க சொன்னது சரிப்பா. கல்யாணம் முடியட்டும்னு ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு வாரம் கழிச்சா ஓட்டு முடிஞ்சிருக்கும், மக்கா."

அவள் மடித்த உறையை மறுபடி விரித்து மெஷின் மேல் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் நான்கு நாள் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. தட்டில் சோறு வரும். தட்டு திரும்பிப் போகும். சத்தியம் பேசினால் வீடு நிறையும் என்று யாரோ எனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த நாலு நாள் அந்த வீட்டைப் பார்த்து எனக்கு அந்த ஆள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை ஓட்டு. அண்ணாச்சி அட்டை மறைப்புக்குள் போய் வெகுநேரம் நின்றார், உள்ளே ஆளுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று அதிகாரி எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. வியாழன் எண்ணினார்கள். மில்காரர் ஜெயித்தார். செக்ரட்டரி தோற்றது எங்கள் சபைக்காரர்கள் பெருவாரியாகக் குடியிருந்த தெருக்களின் பெட்டியில்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளை. செக்ரட்டரி பயிலகத்துப் படியேறினார். நான் சாப்பாட்டுக்காகக் கடையிலிருந்து வந்தவன், மாடிப்படியில் ஒரு காலோடு நின்றுவிட்டேன். கையில் மடித்த காகிதம். வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்தேன். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எழுந்து நின்றார்.

செக்ரட்டரி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். கஞ்சியில்லாத வேட்டி.

"என் வீட்டுக்காரியே எனக்கு ஓட்டுப் போடல வே."

அண்ணாச்சிக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆட்சேபணை அண்ணாச்சி பேச்சற்று நின்றதை ஊரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். செக்ரட்டரி தரையைப் பார்த்துச் சொன்னார். காலையில் இட்லி வைக்கும்போது அவளே சொன்னாளாம். பூட்டுச்சாவி வீட்டு ஆணியில்தானே தொங்கியது. இவர் ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரமெல்லாம் அந்த அம்மாள் கிணற்றைத் திறந்து, மதில் மேல் வைத்துக் குடம் குடமாக நெசவாளர் தெருவுக்கு இறைத்துக் கொடுத்திருக்கிறாள். மாசக்கணக்கில்.

"அருளும் மூணு நாளா என்கிட்ட முகம் கொடுக்கல. ஐயருக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன். அடிச்சுக் குடும்."

அண்ணாச்சி உறையை எடுத்தார். தமிழ் மெஷினில் தாளை ஏற்றினார். அஞ்சு நாளுக்குப் பிறகு அந்தச் சந்தில் மழை தொடங்கியது.  பிறகு மழை சட்டென்று நின்றது.

"'பெருந்தன்மையோடு என் ஆட்சேபணையை வாபஸ் பெறுகிறேன்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"'பெருந்தன்மையோடு' வேண்டாம் சம்பந்தி. அது நெசமில்ல."

எனக்கு மாடிப்படியிலிருந்து குதித்து அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. போன கல்யாணம் வாசல்படி ஏறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது, இந்த மனுஷன் ஒரே ஒரு வார்த்தைக்கு அதை மறுபடி விரட்டப் பார்க்கிறார். செக்ரட்டரி அவரையே வெறித்தார். வெறித்துக்கொண்டே இருந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

"பொறவு என்னன்னு போடப்போறீரு? பொண்டாட்டி பயத்துலன்னா?"

"வாபஸ்னு மட்டும் போட்டாப் போதும்" என்றார் அண்ணாச்சி பணிவாக. "சாவி?"

"அது அவகிட்ட இருக்கு. இனி என் கைக்கு வராது."

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போன பிறகு, அண்ணாச்சி மெஷின் முன்னால் வெகுநேரம் கையைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். நான் நிற்பது தெரியும் அவருக்கு. திரும்பாமலே கேட்டார். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கேள்வி கேட்ட மனிதர், எனக்குத் தெரிந்து தனக்காகக் கேட்ட ஒரே கேள்வி அது.

"தம்பி, கிரேஸு இனி எங்கிட்ட பேசுவாளா?"

 உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், கொஞ்சம் கோபமாக, கொஞ்சம் தழுதழுப்பாக.

"அப்பா, சோறு ஆறுது. எத்தனை நேரம் நான் வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

மெஷினுக்கு உறை போடாமல், மேஜையில் இருந்த கண்ணாடியைக்கூட எடுக்காமல், எதற்கும் அவசரப்பட்டே அறியாத அந்தப் பெரிய மனிதர், எட்டு மெஷின்களுக்கும் நடுவே இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.